மாத்திரை விடுபடாமல் இருக்க: எச்.ஐ.வி கேள்வி-பதில்

கேள்வி: தர்மபுரியில் ஏ.ஆர்.டி மருந்து (எச்.ஐ.வியைக் கட்டுப்படுத்தும் மருந்து) வாங்குகிறேன். ஆறு மாதம் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போகிறோம். மருந்துக்கு என்ன வழி?

பதில்: கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே மையத்தில் சொல்லிவிடுங்கள். வைரஸ் அளவு கட்டுக்குள் இருந்தால் மூன்று மாத மருந்தை மொத்தமாகத் தருவதுண்டு. ஆறு மாதத்துக்கு, சூளைக்குப் பக்கத்திலுள்ள மையத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். சொல்லாமல் கிளம்பிவிட்டாலும் பச்சைப் புத்தகத்தோடு (மையத்தில் தந்த சிகிச்சைக் குறிப்பேடு) அருகிலுள்ள அரசு ஏ.ஆர்.டி மையத்துக்குப் போங்கள். புத்தகத்தைக் கைப்பேசியில் படம் எடுத்தும் வையுங்கள்.

டப்பா குலுங்கும் சத்தத்துக்குப் பயந்து பலர் மாத்திரையைப் பிளாஸ்டிக் கவரில் கொட்டிவிடுகிறார்கள். ஈரம் ஏறி மருந்து கெடும். டப்பாவிலேயே வையுங்கள், உள்ளே உள்ள ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறியாதீர்கள். கெட்டித் துணியில் சுற்றினால் சத்தம் அடங்கும். தகரக் கூரையை ஒட்டி வைக்க வேண்டாம்.

கேள்வி: நான் திருநங்கை. ஏ.ஆர்.டி மாத்திரை ஹார்மோன் வேலையைக் கெடுக்கும் என்று தோழிகள் சொல்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. இப்போது பெரும்பாலோருக்குத் தரும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் கூட்டு மாத்திரைக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கும் மோதல் இல்லை. உண்மையில் இடைஞ்சல் செய்வது வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் மருந்து. அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரை உடலில் சேரவிடாது. ஜெல் குடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ மாத்திரை போடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைச் சாப்பாட்டு நேரத்தில் ஏ.ஆர்.டி மாத்திரையோடு சேர்த்தே போடலாம். வெறும் வயிற்றில் என்றால் அதே இடைவெளி வேண்டும். என்ன ஹார்மோன் எடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் கூட்டமைப்பில் ஒருவர் இரண்டு மாதமாக மருந்து வாங்கவில்லை, போனும் எடுப்பதில்லை. வீட்டுக்குப் போகலாமா?

பதில்: வீட்டுக்கு வர அவர் முன்பே சம்மதித்திருந்தால் மட்டும். அடையாள அட்டை, பெயர் எழுதிய வண்டி எதுவும் வேண்டாம். வீட்டில் இருப்பவரிடம் நோயின் பெயரைச் சொன்னால் உதவி அல்ல, சட்டமீறல். ஒருவரைச் சேர்க்கும் நாளிலேயே எந்த எண், எந்த நேரம், யார் என்று சொல்லிக் கூப்பிடலாம் என்று கேட்டு எழுதிவையுங்கள். இதை விட்டுவிட்டுப் பிறகு தவிக்கும் குழுக்கள் அதிகம்.

சந்தித்ததும் திட்டாதீர்கள். மையத்துக்குப் போனால் எந்த நாள் கூலி போகிறது, பஸ்ஸுக்கு என்ன ஆகிறது என்று கேளுங்கள். பாதிப் பதில் அங்கேயே வந்துவிடும். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை இருக்கிறதா பாருங்கள், ஒன்று இருந்தாலும் காசநோய்ப் பரிசோதனை அவசியம். விடாத தலைவலியோடு வாந்தியும் இருந்தால் அன்றே மருத்துவமனை. மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்.

கேள்வி: எச்.ஐ.வி என்றதும் தனியார் மருத்துவமனை பிரசவம் பார்க்க மறுக்கிறது.

பதில்: 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி சட்டப்படி இது தடைசெய்யப்பட்ட பாகுபாடு. அச்சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது, தனியாருக்கும் பொருந்தும். மறுத்தவர், நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் உடனே எழுதுங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனையில் புகார் அலுவலர் இருக்க வேண்டும். மாநிலக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம். மருத்துவ அவசரமென்றால் கூடியவரை 24 மணி நேரத்துக்குள் உத்தரவிடச் சட்டம் சொல்கிறது. வலி வந்துவிட்டால் புகாருக்குக் காத்திராமல் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இலவச உதவி எண் 1097.

கேள்வி: கணவருக்கு வைரஸ் அளவு 'கண்டறிய முடியாத' நிலை. எனக்குத் தொற்றுமா?

பதில்: மாத்திரை விடாதவரை உடலுறவு வழியாகத் தொற்றாது. அவருடைய அடுத்த வைரஸ் அளவுப் பரிசோதனை எப்போது என்று கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.