வயதான முயல் புல்லை ஒதுக்கினால்

கேள்வி: எங்கள் வீட்டு முயலுக்கு 7 வயது, எடை 2 கிலோ. அருகம்புல்லை ஆசையாகத் தின்றுகொண்டிருந்தது, இரண்டு மாதமாக அதை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. கேரட்டும் பிஸ்கட்டும் தந்தால் தின்கிறது. பின்பக்கம் அடிக்கடி அழுக்காகிறது. தெம்புக்கு ஊறவைத்த கொண்டைக்கடலை கொடுக்கலாம் என்கிறார் என் மாமியார். கொடுக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கடலை வேண்டாம், பிஸ்கட்டையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். மாவும் சர்க்கரையும் மிகுந்த தீனி முயலின் குடலில் நொதித்து வாயுவைப் பெருக்கும். வாந்தி எடுக்க இயலாத பிராணியாதலால் தின்றது உள்ளேயே தங்கித் தொல்லை தரும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைப்பது புல்லை ஒதுக்குவதுதான். முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மி.மீ. வளரும். நார் மிகுந்த புல்லைப் பக்கவாட்டில் அரைத்து மெல்லும்போதுதான் கடைவாய்ப் பற்கள் தேய்கின்றன. அந்தத் தேய்மானம் சீராக இல்லாவிட்டால் பல்லின் ஓரத்தில் முள்போல் கூர் எழும்பி, நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் கீறும். புல்லை வாயில் எடுத்து இரண்டு முறை மென்றபின் கீழே போட்டுவிடுகிறதா, தாடை முடி எச்சிலில் நனைந்து திரித்திரியாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும், இரண்டு மாதமாக நீடிப்பதால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், முன்பற்களை மட்டுமல்லாமல் கடைவாயையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பல் சரியானபின்பும் பெரும்பங்கு தீனி புல்லாகவே இருக்க வேண்டும். தண்டு முற்றாத அருகம்புல்லையோ கொழுக்கட்டைப் புல்லையோ பச்சையாகவும், நிழலில் உலர்த்தியும் மாற்றி மாற்றி வையுங்கள். வைக்கோல் அதற்கு ஈடாகாது. குதிரைமசால் என்ற தீவனப் பயிரிலும் முருங்கைக்கீரையிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம். முயலின் உடல் மிகுதியான சுண்ணாம்பைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால், வயதானவற்றுக்கு அது மூத்திரப்பையில் மணல்போல் படியலாம். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை ஆகியவற்றில் தினம் ஒரு கைப்பிடி போதும். கடையில் வாங்கும் முயல் தீவனக் குச்சியை நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேல் தர வேண்டாம். எடை குறைந்திருந்தால் அளவை மருத்துவர் சொல்லட்டும். கேரட்டை வாரத்தில் இரண்டு நாள், ஒரு சிறு துண்டு மட்டும் தரலாம் (அதன் இலையைத் தாராளமாகத் தரலாம், சந்தையில் அதைத்தான் கிள்ளி எறிகிறார்கள்). பிஸ்கட்டை நிறுத்துவதைத் தவிர மற்ற எந்த மாற்றத்தையும் பத்து நாட்களில் சிறிது சிறிதாகச் செய்யுங்கள்.

பின்பக்க அழுக்கு பெரும்பாலும் கழிச்சலாக இருக்காது. திராட்சைக் கொத்துபோல் பளபளப்பாக ஒட்டிவரும் மென்மையான புழுக்கையை முயல் குனிந்து நேரடியாகத் தின்றுவிடும். சத்து அதில்தான் இருக்கிறது. முதுகோ மூட்டோ வலித்தாலும், மாவுத்தீனி மிகுந்தாலும் அது தின்னப்படாமல் முடியில் அப்பிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிடுங்கள்; கோடையில் அங்கே ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

தண்ணீரை எட்டிக் குடிக்கும் புட்டியில் வைக்காமல் அகலமான மண்கிண்ணத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதிவையுங்கள். 200 கிராம் குறைந்தால் மருத்துவரைப் பாருங்கள். 12 மணி நேரம் எதுவும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.