மக்கடேமியா கொட்டையில் அப்படி என்ன சத்து? சமையலில் சேர்க்கலாமா? நாளுக்கு எவ்வளவு சாப்பிடலாம்?

ஆஸ்திரேலியாவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பாக்கெட் ஒன்று உங்கள் வீட்டில் பிரிக்காமல் கிடக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் வந்தது. தம்பி மகள் பிரிஸ்பனில் படிக்கிறாள். போன வருடம் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்தபோது இரண்டு பாக்கெட் கொடுத்தாள். அந்த மரமே அவள் இருக்கும் குவீன்ஸ்லாந்துப் பக்கத்துக் காட்டு மரம்தானாம்.

நான் மருத்துவர் இல்லை. "ஈப்போ புந்தோங்கில் விற்கும் கச்சாங் பூத்தேயில் (கடலை, பயறு வறுவலில்) இல்லாத சத்தா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நானும் கச்சான் தின்று வளர்ந்தவள்தான்.

100 கிராம் மக்கடேமியாவில் ஏறக்குறைய 75 கிராம் கொழுப்பு, 700 கலோரிக்கு மேல். கேட்டதும் பயமாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே வகை நல்ல கொழுப்பு. மாங்கனீசும் தயமினும் (வைட்டமின் பி1) நிறைய; மாவுச்சத்து குறைவு. நாளுக்கு 42 கிராம் சாப்பிட்டால் இதயநோய் அபாயம் குறையக்கூடும் என்று பாக்கெட்டில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் ஆட்சேபம் இல்லை என்றது. ஆதாரம் முடிவானது அல்ல, மொத்தக் கலோரி கூடக் கூடாது என்ற நிபந்தனைகளோடுதான். நம் ஆட்கள் அந்த நிபந்தனையை மட்டும் படிக்க மாட்டார்கள்.

இனி என் கதை. பாக்கெட் தீர்ந்தது, நாக்கு கேட்டது. ஈப்போ பேரங்காடியில் விலையைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் சொந்தக்கார அக்கா ஒருத்தர், "அது வேறொன்றுமில்லை, நம் புவா கெராஸ்தான், வெள்ளைக்காரன் பேர் மாற்றி விற்கிறான்" என்றார். புவா கெராஸ் என்பது இங்கே சமையலுக்கு அரைத்துப் போடும் ஒரு கொட்டை, ஆங்கிலத்தில் கேண்டில்நட். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்: அதே வெளிர்நிறம், அதே எண்ணெய்ப் பிசுக்கு. நாற்பது வருடமாகப் புவா கெராஸை மிளகாய்ச் சம்பலுக்கு அரைக்கிறேன். "பச்சையாக வாயில் போடாதே" என்று அம்மா அடித்துச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. இருந்தும் கஞ்சத்தனம் யாரை விட்டது? ஐந்து கொட்டையைத் தின்றுவிட்டேன்.

அன்று இரவு வாந்தியும் பேதியும் என்னைச் சுருட்டிப் போட்டுவிட்டன. புவா கெராஸ் நம் பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், குடும்பம். மக்கடேமியாவுக்கும் அதற்கும் உறவே இல்லை. பச்சைக் கொட்டையில் நஞ்சு உண்டு, வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். பால்மரத்தடியில் பிறந்து வளர்ந்த எனக்கே அம்மா சொன்னதன் காரணம் ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.

ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. முன்பெல்லாம் எங்கள் தோட்டத்திலேயே ஆசுபத்திரி இருந்தது. நடுச்சாமத்தில் கதவைத் தட்டினாலும் டிரெசர் (மருத்துவ உதவியாளர்) எழுந்து வருவார், திட்டிக்கொண்டே மருந்து கொடுப்பார். தோட்டம் கைமாறியது, பால்மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, ஆசுபத்திரிக் கட்டடத்தை இடித்தார்கள். லயத்து (தோட்ட வரிசை வீடுகளின்) சனம் டவுனில் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டது. அன்று நான் தனியார் கிளினிக்கில் எண்பது வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். அந்த எண்பதுக்கு மக்கடேமியாவே வாங்கியிருக்கலாம். டாக்டர் பையன் காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான், அது இன்னும் எரிகிறது.

சமையலுக்கு வருகிறேன். தலைகீழாகச் செய்யலாம்: புவா கெராஸ் போடும் இடத்தில் மக்கடேமியாவைப் போடலாம். மீன் சம்பலுக்கு மிளகாய், சின்ன வெங்காயம், லெங்குவாஸ் (பேரரத்தை), பிளாச்சானோடு (இறால் விழுது) நான்கைந்து சேர்த்து அரையுங்கள், குழம்பு கெட்டிப்படும். இது கொஞ்சம் இனிக்கும் என்பதால் சீனியைக் குறைத்துவிடுங்கள். கோழிக் குருமாவில் முந்திரிக்குப் பதிலாக ஊறவைத்து அரைத்து ஊற்றினேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார், அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. வறுப்பதானால் தீ மிகக் குறைவாக இருக்கட்டும். எண்ணெய் அதிகம் என்பதால் கண் அசந்தால் கருகிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் சிக்கடித்துவிடும். டப்பாவில் இறுக்கி மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் தொட வேண்டாம். நாய்க்கும் போடாதீர்கள். அதற்கு இது ஆகாது. பின்னங்கால் தளர்ந்து நிற்க முடியாமல் போய்விடும். வீட்டு நாய் தின்றுவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அளவு கேட்டிருந்தீர்கள். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பருப்பு, ஒரு கைப்பிடி. கைப்பிடி என்றால் என் கை. என் வீட்டுக்காரர் கை அல்ல.