வியட்நாமில் 'இனிப்பு' என்றால் சர்க்கரை மட்டுமல்ல

கேள்வி: "சைகோன் வந்து ஒரு மாதம் ஆகிறது. ஆபீஸில் எலும்பு சூப்பைக் குடித்துவிட்டு 'ஙொத்', அதாவது இனிப்பு, என்கிறார்கள். ஏன்? நான் சைவம். 'மன்' வேண்டாம் என்று சொன்னால் உப்பை மட்டும் குறைத்து அதே கறியைத் தருகிறார்கள். என்ன செய்வது?"

தம்பி, முதலில் சாப்பாட்டு விஷயத்தைப் பார்ப்போம். 'மன்' என்றால் உப்பு. கறி, மீன் சேர்ந்த சமையலுக்கும் அதே சொல்தான். 'மன் வேண்டாம்' என்றால் அவர்கள் காதில் 'உப்பு வேண்டாம்' என்றே விழும். கேட்க வேண்டிய சொல் 'சை'. "தோய் அன் சை" (நான் சைவம் சாப்பிடுகிறேன்) என்று சொல்லுங்கள். 'ச' தெளிவாக வரட்டும். 'கை' என்று விழுந்தால் அது காரம்.

அதோடு நிறுத்தாதீர்கள். சாதாரணக் கடையில் கீரை வதக்கலிலும் மீன் சாறு விழும். "கோங் நுவோக் மாம்" (மீன் சாறு வேண்டாம்) என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களது சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, நிறையப் பேர் 'சை' சாப்பிடுவார்கள். அன்று சைவக் கடை தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்தது 'ஙொத்'. 'அங்கே' என்பதில் வரும் ங-வை முதலெழுத்தாக வைத்துச் சொல்ல வேண்டும். 'நொத்' என்றால் புரியாது. சர்க்கரை இனிப்பும், எலும்போ காய்கறியோ வெந்து இறங்கிய சாற்றின் ருசியும் அவர்களுக்கு ஒரே 'ஙொத்'. அஜினோமோட்டோவுக்குத் தெற்கில் 'போத் ஙொத்', இனிப்பு மாவு, என்றே பெயர்.

அந்த ருசி வீட்டில் சைவமாகவே வரும். 2 லிட்டர் தண்ணீரில் ஒரு வெள்ளை முள்ளங்கி, ஒரு கேரட், ஒரு சோளக்கதிர், ஊறவைத்த உலர் ஷிடாகே காளான் 6. சிறு தீயில் மூடாமல் ஒரு மணி நேரம். தளதளவென்று கொதித்தால் சாறு கலங்கிவிடும். உப்பைக் கடைசியில் போடுங்கள். சாறு வற்றும்போது முதலில் போட்ட உப்பு தூக்கலாகிவிடும். நெல்லிக்காய் அளவு கற்கண்டு போட்டால், இனிப்பு தெரியாமல் சாறு நிறைவாக இருக்கும்.

அவர்கள் எண்ணும் ஐந்து சுவை: 'சுவா' புளிப்பு, 'கை' காரம், 'மன்' உப்பு, 'டங்' கசப்பு, 'ஙொத்'. நம் ஆறில் விடுபட்டது துவர்ப்பு. ஆனால் சொல் இல்லாமல் இல்லை, 'சாத்' என்பார்கள். பான் சேயோவோடு (அரிசி மாவில் சுடும் மொறுமொறு தோசை) பச்சை வாழைக்காயைத் தோலோரம் சீவி வைப்பது எண்ணெய்ப் பிசுக்கை அந்தத் துவர்ப்பு வெட்டுவதற்காகத்தான். ஒதுக்கிவிடாமல் கீரையோடு சுருட்டிச் சாப்பிடுங்கள். நமக்கு ஒற்றைச் சொல் இல்லாத ஒன்று 'பூய்': அவித்த வேர்க்கடலையை மெல்லும்போது மாவாகிப் பாலாக ஊறுமே, அந்த ருசி.

காபிக்கடையில் "ஈத் டுவோங்", சர்க்கரை கம்மி, என்று கேளுங்கள். தெற்கில் எல்லாவற்றிலும் சர்க்கரை ஒரு கை கூடத்தான் இருக்கும்.