கிளாஸ் ஆக்‌ஷன்: மாநிலக் கோர்ட்டா, ஃபெடரல் கோர்ட்டா?

கேள்வி: நாங்கள் போட்டது கலிஃபோர்னியா நுகர்வோர் சட்ட வழக்கு மட்டும். கம்பெனி அதை ஃபெடரல் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. எப்படி?

பதில்: பலருக்காக ஒருசிலர் போடும் குழு வழக்குதான் கிளாஸ் ஆக்‌ஷன். 2005-ல் அமெரிக்காவில் வந்த கிளாஸ் ஆக்‌ஷன் நியாயச் சட்டம்தான் காரணம். காஃபா என்பார்கள். அதற்கு முன், குழுவின் சார்பில் பெயர் கொடுத்த வாதிகளில் ஒருவர் எதிராளியின் மாநிலத்தவராக இருந்தாலே ஃபெடரல் கதவு மூடிவிடும். 1806-லிருந்து அதுதான் வழக்கம். 1973 தீர்ப்பு ஒன்று குழுவில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஃபெடரல் கோர்ட்டுக்கான குறைந்தபட்சத் தொகை தேற வேண்டும் என்றது. பின்னாளில் அந்தத் தொகை 75,000 டாலருக்கு மேல் என்றானது. பழுதான டோஸ்டருக்கு யார் அவ்வளவு கேட்பார்கள்? காஃபா எல்லார் தொகையையும் கூட்டச் சொல்கிறது. 50 லட்சம் டாலரைத் தாண்டி, ஆள் 100 இருந்து, குழுவில் ஒருவராவது எதிராளியிலிருந்து வேறு மாநிலத்தவராக இருந்தால் போதும். பொறுப்பு என்னவோ கலிஃபோர்னியா சட்டப்படிதான் தீர்மானமாகும். நடைமுறை மட்டும் ஃபெடரல் விதிப்படி.

கேள்வி: 50 லட்சத்துக்கு மேல் கேட்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால்?

பதில்: 2013 நோல்ஸ் வழக்கில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். குழுவுக்குக் கோர்ட் அங்கீகாரம் கிடைக்கும் முன் ஒரு வாதி மற்றவர்கள் பணத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

கேள்வி: தவறு. வாதிதான் தன் வழக்குக்கு எஜமான். 2025 ராயல் கேனின் தீர்ப்பைப் படித்தீர்களா?

பதில்: படித்தேன். நாய்த் தீனி வழக்கு. வாதி ஃபெடரல் கோரிக்கைகளை நீக்கி மனுவைத் திருத்தினார். மிச்சமிருந்த மாநிலக் கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரம் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போய்விட்டது. அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் அங்கே அதிகாரம் ஃபெடரல் சட்டக் கோரிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது, தொகையில் இல்லை. வழக்கை ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்றிய பிறகு கேட்கும் தொகையைக் குறைத்தால் பொதுவாக அதிகாரம் போகாது என்று அதே தீர்ப்பின் அடிக்குறிப்பு சொல்கிறது. அடிக்குறிப்பையும் படியுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் 'எஜமான்' என்பது வெறும் பேச்சா?

பதில்: இல்லை. தன் பணத்துக்கு எஜமான், அடுத்தவன் பணத்துக்கு இல்லை.

கேள்வி: எங்கள் குழுவில் எல்லாரும் நியூஜெர்சி முகவரிதான், கம்பெனியும் அங்கேதான். வழக்கை மாநிலக் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்லலாமா?

பதில்: குழுவில் மூன்றில் இரண்டு பங்கும், முக்கியப் பிரதிவாதிகளும் வழக்கு போட்ட மாநிலத்தவர் என்றால் ஃபெடரல் கோர்ட் விலகியே ஆக வேண்டும். மூன்றில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே என்றால் நீதிபதி விருப்பம். ஆனால் முகவரி வேறு, மாநிலக் குடிமை வேறு! எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நம் ஆட்கள் 10 வருடம் நியூஜெர்சி எடிசனில் இருந்தாலும் இந்தியக் குடிமக்கள்தான். அந்த மூன்றில் இரண்டில் அவர்களை எண்ண முடியாது.

கேள்வி: எனக்கு எவ்வளவு பணம் வரும்?

பதில்: உங்கள் வக்கீலைக் கேளுங்கள்.

கேள்வி: வழக்கு போட்டு ஒரு வருடம் ஆகிவிட்டது, இனி கம்பெனி அதை ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்ற முடியாதுதானே?

பதில்: காஃபாவில் அந்த ஒரு வருட வரம்பு கிடையாது. மாற்றலாம் என்று காட்டும் காகிதம் கைக்கு வந்து 30 நாள், அவ்வளவுதான்.

கேள்வி: எங்களுடையது மாநிலச் சட்டம் மட்டும். எப்படி ஃபெடரல்...

பதில்: முதல் பதில். முகவரியை வைத்து யாரும் குடிமையை முடிவு செய்யாதீர்கள், அதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் மேல் போட்ட கடன் வழக்கில் குழு வழக்காக எதிர்வழக்கு போட்டு ஒரு கடையையும் உள்ளே இழுத்தோம். அந்தக் கடை வழக்கை ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்றலாமா?

பதில்: நல்ல கேள்வி, கடைசியில் வந்தது. முடியாது. ஹோம் டிப்போ வழக்கு, 2019, ஐந்துக்கு நான்கு.