அமெரிக்காவில் வலதுசாரிகள் எப்படி இவ்வளவு வளர்ந்தார்கள்? அவர்களின் வரிக்குறைப்பால் மக்களுக்கு நன்மைதானே?

கேள்விக்குக் கீழே விளக்கம் என்று இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "ரீகன் வரியைக் குறைத்தார், அமெரிக்கா செழித்தது. நம் நாட்டிலும் அப்படிச் செய்தால் என்ன? எதிர்க்கிறவர்கள் எல்லாம் பொறாமை பிடித்த இடதுசாரிகள்தானே?" அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதில்.

நான் இடதுசாரி இல்லை. திருநெல்வேலியில் பி.காம் படித்துவிட்டு, கல்யாணமாகி அமெரிக்கா வந்து, கான்சஸ் மாநிலத்தில் ஓவர்லேண்ட் பார்க் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கும் வேலை பார்த்தவள். வரி கட்டுகிறவர்களின் எரிச்சல் எனக்கு நன்றாகவே தெரியும். நீங்கள் அநேகமாகக் கல்லூரியிலோ முதல் வேலையிலோ இருப்பீர்கள். பங்குச்சந்தை வீடியோக்கள் பார்த்து இந்த முடிவுக்கு வந்திருப்பீர்கள். தப்பில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அதே யோசனையை ஒரு மாநிலம் முழுசாகச் செய்து பார்த்தது. அந்தக் காகிதங்கள் என் மேசை வழியாகப் போயின.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964 அதிபர் தேர்தலில் செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் குடியரசுக் கட்சி (ரிபப்ளிகன்) சார்பில் நின்று படுதோல்வி அடைந்தார். ஜெயித்தது ஆறே மாநிலங்கள். அவருடைய சொந்த அரிசோனாவைத் தவிர மற்ற ஐந்தும் தென்கோடி மாநிலங்கள். கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தந்த அந்த ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து அவர் வாக்களித்திருந்தார், அதனால் கிடைத்த ஓட்டு அது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனால் இதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அதுவரை ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த தெற்கு, அங்கிருந்துதான் கை மாறத் தொடங்கியது.

1970-களில் இன்னும் இரண்டு கூட்டம் சேர்ந்தது. ஒன்று, தொழிலதிபர்கள். 1973-ல் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி ஆய்வு அமைப்பு தொடங்கப்பட்டது. மாநிலச் சட்டமன்றங்களுக்கு மாதிரிச் சட்டங்களை எழுதிக் கொடுக்கும் அலெக் அமைப்பும் அதே ஆண்டுதான். இன்னொன்று, தேவாலயக்காரர்கள். கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு 1973-ல் வந்தது. பாதிரியார் ஜெர்ரி ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற கிறிஸ்தவ அரசியல் அமைப்பை 1979-ல் ஆரம்பித்தார். 1978-ல் கலிஃபோர்னியாக்காரர்கள் 13-ஆம் முன்மொழிவை ஓட்டெடுப்பில் நிறைவேற்றிச் சொத்து வரிக்குப் பூட்டுப் போட்டார்கள். இவை எல்லாம் 1980-ல் அதிபர் தேர்தலில் ஜெயித்த ரீகன் என்ற ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்தன. தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் அவர் காலத்தில் 70 சதவீதத்திலிருந்து 28-க்கு இறங்கியது. வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000-க்கு மேற்பட்டவர்களை 1981-ல் அவர் வீட்டுக்கு அனுப்பினார். 1983-ல் உழைப்பாளிகளில் ஐந்தில் ஒருவர் தொழிற்சங்கத்தில் இருந்தார்; இன்று பத்தில் ஒருவர்தான். அதே ரீகன் 1982-ல் பற்றாக்குறையைப் பார்த்துவிட்டு வரியை உயர்த்தவும் செய்தார் என்பதை உங்கள் வீடியோக்கள் சொல்லியிருக்காது.

இனி கான்சஸ். இது முன்னாள் அதிபர் ஐசனாவர் வளர்ந்த மாநிலம், செனட்டராக இருந்த பாப் டோலின் மாநிலம். இங்கே குடியரசுக் கட்சி என்றால் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் பணம் ஒதுக்கிவிட்டு மீதியில் சிக்கனம் பார்க்கிற கட்சி என்றுதான் பழைய ஆட்கள் சொல்வார்கள். 1991 கோடையில் விச்சிட்டா நகரின் கருக்கலைப்பு மருத்துவமனைகள் முன்னால் வாரக்கணக்கில் மறியல் நடந்தது, ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். மறியலுக்கு வந்தவர்கள் அப்படியே கட்சியின் உள்ளூர்ப் பொறுப்புகளுக்குப் போட்டியிட்டு உள்ளே வந்துவிட்டார்கள். வலதுசாரி அரசியலுக்குப் பணம் தரும் பெரும் தொழிலதிபர்களான கோக் குடும்பத்தின் நிறுவனத் தலைமையகமும் அதே விச்சிட்டாவில்தான் இருக்கிறது. தேவாலயத்தின் ஆள்பலமும் தொழிலதிபர்களின் பணமும் ஒரே ஊரில் சேர்ந்தன என்று நான் புரிந்துகொள்கிறேன்.

2010 தேர்தலில் ஜெயித்து, 2011 ஜனவரியில் குடியரசுக் கட்சியின் சாம் பிரவுன்பேக் ஆளுநரானார். 2012 மே மாதம் அந்த வரிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ரீகன் காலத்துப் பொருளாதார நிபுணர் ஆர்தர் லாஃபர்தான் ஆலோசகர். உச்ச விகிதம் 6.45-லிருந்து 4.9 ஆனது. அது பெரிய விஷயம் இல்லை. பெரிய விஷயம் இன்னொன்று: எல்.எல்.சி (சிறு தொழில் செய்கிறவர்கள் பதிவு செய்துகொள்ளும் ஒருவகை நிறுவனம்), பங்குதாரர் நிறுவனம், தனிநபர் தொழில், விவசாயம் ஆகியவற்றிலிருந்து வரும் லாபத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது. சம்பளம் வாங்குகிறவருக்கு உண்டு, முதலாளிக்கு இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த கட்சி உள்தேர்தலில், தயங்கி நின்ற மிதவாத மேலவை உறுப்பினர்களைத் தோற்கடித்தார்கள், மேலவைத் தலைவர் ஸ்டீவ் மோரிஸ் உட்பட. இப்படித்தான் வளர்ந்தார்கள் என்பது உங்கள் முதல் கேள்விக்கான பதில். எதிர்க்கட்சியைத் தோற்கடித்து மட்டும் வளரவில்லை. சொந்தக் கட்சிக்குள் இருந்த மிதவாதிகளை ஓரங்கட்டியும் வளர்ந்தார்கள்.

இனி என் மேசைக்கு வருகிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் ஊரும் பெயரும் சொல்லவில்லை. ஒரு தம்பதி வருடா வருடம் எங்களிடம் வருவார்கள். அந்த அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் கூரை மாற்றும் ஒப்பந்ததாரர். சட்டம் வந்த பிறகு முதல் முறையாக அவர்களுடைய மாநில ரிட்டர்னைப் போட்டேன். கணவரின் தொழில் லாபத்தை ஷெட்யூல் எஸ் என்ற தாளில் ஒரே ஒரு இடத்தில் எழுதிக் கழித்தால் போதும், மொத்தமாக மறைந்துவிடும். அவருடைய லாபம் மனைவியின் சம்பளத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கடைசியில் மாநிலத்துக்கு அந்த வீட்டிலிருந்து போன வருமான வரி, ஆசிரியையின் சம்பளத்துக்கான வரி மட்டும். அந்த அம்மா தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். அவருடைய பள்ளியில் அந்த வருடம்தான் நூலகரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

நான் கணவரிடம் கேட்டேன், மிச்சமான பணத்தில் புதிதாக ஆள் சேர்த்தீர்களா என்று. அதுதானே திட்டத்தின் நோக்கம். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு எந்தப் பொருளாதாரப் பாடத்தைவிடவும் தெளிவாக இருக்கிறது: "ஆலங்கட்டி மழை பெய்தால் எனக்கு ஆள் வேண்டும். என் வரி குறைந்துவிட்டது என்பதற்காக யார் தங்கள் வீட்டுக் கூரையை மாற்றுவார்கள்?" மிச்சப் பணத்தில் புது வண்டிக்கு முன்பணம் கட்டியிருந்தார். அது அவர் உரிமை. அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

என் வருத்தம் நம்மவர்களிடம். பொங்கல் விழாவில் ஒரு அண்ணன், ஐ.டி. ஆலோசனை நிறுவனம் வைத்திருப்பவர், எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏம்மா, வரி ஆபீஸ்ல இருந்துக்கிட்டு நீயே இன்னும் சம்பளத்துல இருக்கியா? எல்.எல்.சி போட்டு, சம்பளமா இல்லாம ஒப்பந்தக்காரர் பணமா 1099 படிவத்துல வாங்கிக்கோ, காசு மிச்சம்." பிறகு அதே மேசையில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு இந்த ஊர்ப் பள்ளி எவ்வளவு நல்ல பள்ளி, அதற்காகத்தான் ஸ்டேட் லைன் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு வாங்கினோம் என்று பேசினார். அந்தச் சாலைக்கு ஒரு பக்கம் கான்சஸ், மறுபக்கம் மிசூரி. "அண்ணே, அந்தப் பள்ளிக்கு யார் பணம் கட்டுறாங்க?" என்று கேட்டேன். பேச்சு மாறிவிட்டது.

பொறாமை என்று நீங்கள் எழுதியது இதனால்தான் சுட்டது. அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்க வந்த பெண்ணின் ரிட்டர்னையும் நான்தான் போட்டேன். அதே 2012 சட்டம், குறைந்த வருமானக்காரர்களுக்கு உணவின் மீதான விற்பனை வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துகொண்டிருந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டது. கான்சஸில் அரிசி, பால், முட்டைக்கும் முழு விற்பனை வரி உண்டு அப்போது. பற்றாக்குறை முற்றியதும் 2015-ல் அந்த வரியை 6.15-லிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தினார்கள். அதற்கு மேல் நகர வரி, மாவட்ட வரி. முதலாளிக்கு வருமான வரி பூஜ்யம், அந்தப் பெண் வாங்கும் ரொட்டிக்கு வரி கூடுகிறது. இதைச் சொல்ல ஒருவர் இடதுசாரியாக இருக்க வேண்டுமா?

விவசாயிகள் கதை இன்னும் மோசம். லாபத்துக்கு வரி இல்லை என்ற சட்டம், நஷ்டத்தையும் கணக்கில் காட்ட விடவில்லை. கோதுமை விலை விழுந்த வருடத்தில் பண்ணையில் நஷ்டம், ஆனால் மனைவியோ கணவரோ வெளியே சம்பளத்துக்குப் போகிறார் என்றால், அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வரிச்சலுகை என்று நம்பி வந்தவர்களுக்கு வரி கூடியிருக்கிறது என்று சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. அவர்கள் கத்தியது என்னிடம்.

மாநில அளவில் நடந்தது எல்லாரும் படித்திருக்கக் கூடியதுதான். 2014 நிதியாண்டில் வரி வருவாய் ஏறக்குறைய 70 கோடி டாலர் விழுந்தது. கடன் தரத்தை மதிப்பிடும் நிறுவனங்களான மூடீஸும் எஸ் அண்ட் பியும் மாநிலத்தின் கடன் தரத்தைக் குறைத்தன. நெடுஞ்சாலை நிதியை எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். 2015-ல் சில பள்ளி மாவட்டங்கள் பணமில்லாமல் கல்வியாண்டைச் சில நாள் முன்னதாகவே முடித்தன. வேலைவாய்ப்பு வளர்ச்சி நாட்டின் சராசரிக்குக் கீழேதான் இருந்தது.

பின்னே ஏன் 2014-ல் பிரவுன்பேக்கே மறுபடி ஜெயித்தார் என்று கேட்பீர்கள். நான் சொன்ன ஆசிரியையே அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார். தானாகவே சொன்னார். கருக்கலைப்பை எதிர்க்கும் வேட்பாளர் என்றால் அந்த அம்மாவுக்கு வேறு யோசனையே கிடையாது. சம்பளம் போனாலும் அந்த ஓட்டு மாறாது. "ஏழை வெள்ளைக்காரன் முட்டாள், தன் நலனுக்கு எதிராக ஓட்டுப் போடுகிறான்" என்று இந்தத் தளத்திலேயே பதில் எழுதுகிறார்கள். அதுவும் எனக்குப் பிடிக்காத பேச்சு. அவர் முட்டாள் இல்லை. எதை முதலில் வைப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். வரியைக் குறைக்க நினைத்தவர்கள் அந்த நம்பிக்கையின் தோளில் ஏறிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதை முடித்து வைத்தவர்களும் குடியரசுக் கட்சிக்காரர்களே. 2016-ல் மிதவாதிகள் சிலர் உள்தேர்தலில் திரும்பி வந்தார்கள். 2017 ஜூன் 6-ஆம் தேதி ஆளுநரின் வீட்டோவை மீறி, கீழவையில் 88-க்கு 31, மேலவையில் 27-க்கு 13 என்று வாக்களித்து அந்த விலக்கை ரத்து செய்தார்கள். இரு அவைகளிலும் அப்போது குடியரசுக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. ஆக, எதிர்த்தவர்கள் எல்லாம் இடதுசாரிகள் என்ற உங்கள் வாக்கியம் கான்சஸில் நிற்காது.

          

சரி, வரப்போகும் பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே. "செலவைக் குறைக்காமல் வரியை மட்டும் குறைத்தார்கள், அதனால்தான் தோற்றது" என்று சொல்வீர்கள். பிரவுன்பேக்கின் ஆதரவாளர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். கான்சஸ் பட்ஜெட்டில் பொது நிதியில் பாதிக்கு மேல் கல்விக்குப் போகிறது. பள்ளிகளுக்குப் போதிய பணம் ஒதுக்கவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றமே கேனன் வழக்கில் சொன்னது. எந்தச் செலவைக் குறைப்பது என்று பெயர் சொல்லிப் பின்னூட்டம் போடுங்கள், பேசலாம். "டெக்சாஸில் வருமான வரியே இல்லையே" என்பீர்கள். உண்மை. அங்கே எண்ணெய் இருக்கிறது, வீட்டுக்குச் சொத்து வரி என்ன வருகிறது என்று டாலஸில் இருக்கும் உங்கள் உறவினரைக் கேளுங்கள். வரிக்குறைப்பே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. கான்சஸ் பிறகு மளிகைப் பொருளின் மீதான மாநில விற்பனை வரியைப் படிப்படியாகக் குறைத்து 2025 ஜனவரியில் பூஜ்யமாக்கியது. அதுவும் வரிக்குறைப்புதான், நான் முழு மனதோடு வரவேற்றேன்.

ஒரு தகவல் சேர்த்துவிடுகிறேன், கணக்கு படிக்கிறவராக இருந்தால் பயன்படும். கான்சஸ் அந்த விலக்கைத் தூக்கிப்போட்ட அதே 2017-ஆம் ஆண்டின் டிசம்பரில், வாஷிங்டனில் டிரம்ப் கையெழுத்திட்ட வரிச் சட்டத்தில் 199ஏ என்ற பிரிவு வந்தது. எல்.எல்.சி, பங்குதாரர் நிறுவன லாபத்தில் 20 சதவீதம் வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரர்களுக்கு அது இல்லை. 2025-ல் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.