கூப்பிட்டாலும் குரல் கொடுக்காத பையன்

உங்க அஞ்சு வயசுப் பையன் வீட்டுல அரை மணி நேரம் காணாமப் போய் கட்டிலுக்கு அடியில கிடைச்சான், அத்தனை பேர் கத்தியும் வாயே திறக்கலை, அடுத்து குடும்பத்தோட கொடைக்கானல் வேற போறோம்னு எழுதியிருக்கீங்க. திட்டாதீங்க சார். இந்த வயசுப் பிள்ளைங்க பயந்தா ஒளிஞ்சுக்குவாங்க, இடுக்குல சுருண்டு தூங்கியும் போவாங்க. கூப்பிடுற குரல்ல கோபம் தெரிஞ்சா இன்னும் உள்ளேதான் நகருவாங்க.

2005 ஜூன்ல அமெரிக்காவுல, யூட்டா மலைக்காட்டுல தொலைஞ்ச 11 வயசுப் பையன் நாலு நாள் கழிச்சுத்தான் கிடைச்சான். ஆள் வர்றதைப் பார்த்தும் பாதையை விட்டு ஒதுங்கியிருக்கான், யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயம். நாமளும் அதைத்தானே சொல்லி வளர்க்கிறோம்!

கொடைக்கானல் போறதுக்கு முன்னாடி, 'காணாமப் போனா ஒரு மரத்தடியிலேயே நில்லு, பேர் சொல்லிக் கூப்பிட்டா பதில் சொல்லு, திட்ட மாட்டோம்'னு விளையாட்டு மாதிரி பழக்குங்க. கழுத்துல ஒரு விசில். காலையில கிளம்பும்போதே அன்னிக்குப் போட்ட சட்டையோட ஒரு போட்டோ. அலுமினிய ஃபாயிலை மடிச்ச துண்டு மேல வச்சு, செருப்போட மிதிக்கச் சொன்னா அடித்தடம் அச்சா விழும். தடம் பார்த்துத் தேடுறவங்களுக்கு அது பெரிய உதவி.

மறுபடி காணோம்னா முதல்ல தண்ணீர்: கிணறு, தொட்டி, நீச்சல் குளம். பார்த்த இடத்தையே திரும்பவும் பாருங்க. அவசர உதவி எண் 112-க்கு உடனே அடிங்க, 'இன்னும் கொஞ்சம் தேடிட்டு'ன்னு காத்திருக்க வேண்டாம்.