மாங்கழிவில் விட்ட மண்புழு ஏன் நிற்கவில்லை?

கேள்வி: மாங்கூழ் ஆலையிலிருந்து ஒரு டிராக்டர் தோலும் கொட்டையும் வாங்கி வந்து தொட்டியில் கொட்டி, சாணக் கரைசல் தெளித்து, விலைக்கு வாங்கிய மண்புழுக்களை அன்றைக்கே விட்டோம். இரண்டே நாளில் பாதிப் புழுக்கள் சுவரேறி வெளியே வந்துவிட்டன, மற்றவை இறந்து கிடந்தன. எங்களுக்குத் தரமில்லாத புழுவைக் கொடுத்துவிட்டார்களா?
(வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: புழுவின் மீது பழி இல்லை, கழிவை ஆறவிடாமல் புழுவை விட்டதே காரணம். பச்சைக் கழிவைக் குவித்தவுடன் அதில் முதலில் வேலையைத் தொடங்குபவை பாக்டீரியாக்களும் பூஞ்சைகளுமே ஆகும். பழத்தில் எஞ்சிய சர்க்கரையை அவை சிதைக்கும் வேகத்தில் குவியலின் நடுப்பகுதி 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறக்கூடும். எரு தயாரிக்கும் மண்புழுவுக்கு உகந்த வெப்பம் 20 முதல் 30 டிகிரி வரைதான். 35 டிகிரிக்கு மேல் அது பிழைப்பது அரிது. அத்துடன் மாந்தோல் புளித்து அமிலமாகிறது, ஈரம் மிகுந்து காற்றும் அடைபடுகிறது. தோலின் வழியே மூச்சு விடும் உயிர் அதற்குள் எப்படித் தங்கும்?

ஆகவே, எளிதில் மக்காத கொட்டைகளை முதலில் பொறுக்கி நீக்கிவிட்டு, தோலுடன் கேழ்வரகுத் தாள், நிலக்கடலைக் கொடி, காய்ந்த மாவிலை என உங்கள் பக்கத்தில் கிடைக்கும் உலர்ந்த பொருளைத் தாராளமாகக் கலந்து, இடையிடையே சாணம் பரப்பி, நிழலில் குவித்து, வாரம் ஒருமுறை புரட்டிவிட்டு மூன்று, நான்கு வாரம் விட்டுவையுங்கள். ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே செருகி, கால் மணி நேரம் கழித்து உருவிக் கையால் பிடித்துப் பாருங்கள். கம்பியில் சூடு தெரிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். சூடும் புளித்த வாடையும் அடங்கிய பின்னரே புழுவை விட வேண்டும்.

அப்போதும் முழுப் புழுவையும் ஒரேயடியாக விடாமல், ஒரு கைப்பிடியை ஒரு மூலையில் விட்டு மறுநாள் பாருங்கள். அவை உள்ளே இறங்கியிருந்தால் மற்றவற்றையும் விடலாம். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் அரை மீட்டர் உயரமும் உள்ள படுக்கைக்கு 2 கிலோ, அதாவது ஏறத்தாழ 2,000 புழுக்கள் போதும். ஒரு பிடி கழிவை இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் மிகுதி. மேலே ஈரக் கோணிச்சாக்கும், அதற்கு மேல் தென்னங்கீற்றுக் கூரையும் இருப்பது நல்லது.

கேள்வி: பட்டுப்புழு மனைக் கழிவு நிறைய உள்ளது. அதை மண்புழுவுக்குக் கொடுக்கலாமா? வயலில் தோண்டி எடுத்த புழுவே போதுமா?
(வாசகர், பாலக்கோடு)

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். தின்று மிஞ்சிய மல்பெரித் தழையும் புழு எச்சமும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிக்கவை என்பதால் விரைவில் சூடேறும். எனவே மேலே சொன்னபடி புழுவை விடும் முன்பே கழிவை மக்கவைத்து ஆறவிடுவது இதற்கும் கட்டாயம். மல்பெரித் தண்டைச் சிறு துண்டுகளாக நறுக்காவிட்டால் அறுவடையின்போது குச்சியாகவே சலிக்க நேரிடும். நோயுற்று இறந்த பட்டுப்புழுக்களை மட்டும் இதில் சேர்க்காமல் தனியே எரித்துவிடுங்கள். எரு திரும்பவும் மல்பெரித் தோட்டத்துக்கே போகக்கூடியது அல்லவா?

வயலில் ஆழமாக வளை தோண்டி வாழும் புழு மண்ணுக்கு நல்லது, தொட்டிக்கு உதவாது. தொட்டிக்கு வேண்டியது மேற்பரப்பிலேயே கழிவைத் தின்று பெருகும் இனம்: ஐசீனியா ஃபெட்டிடா, யூட்ரிலஸ் யூஜினியே, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகியவை. இவற்றுள் மூன்றாவது நம் நாட்டுப் புழு. பழைய எருக்குழியிலும் தென்படும்.

கேள்வி: மண்புழு உரம் போட்டால் யூரியாவை அறவே நிறுத்திவிடலாம் என்கிறார்கள். உண்மையா?
(வாசகர், இராயக்கோட்டை)

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். நல்ல மண்புழு உரத்தில் தழைச்சத்து 1.5 விழுக்காடு என்று கொண்டால் ஒரு டன்னில் 15 கிலோ இருக்கும். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 46 விழுக்காடு வீதம் ஏறத்தாழ 20 கிலோ உண்டு. அது உடனே கரையும், இதுவோ மெல்ல மெல்லத்தான் வெளிப்படும். தக்காளி போன்ற பசி மிகுந்த பயிருக்கு முதல் ஆண்டிலேயே யூரியாவை அறவே நிறுத்தினால் விளைச்சல் குறைய வாய்ப்புண்டு என்பதே என் கருத்து. ஏக்கருக்கு 2 டன் மண்புழு உரம் இட்டு, மண் பரிசோதனை முடிவைப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டி, யூரியாவைப் படிப்படியாகக் குறையுங்கள். இந்த உரத்தின் பெரிய பயன், ஈரத்தை விரைவில் இழக்கும் நம் செம்மண்ணில் நீரைப் பிடித்துவைப்பதே. செடியின் தூரைச் சுற்றி இட்டு உடனே மண் அணைத்துவிடுங்கள்; வெயிலில் காய்ந்துபோன மண்புழு உரத்தில் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் மடிந்துவிடும்.